கழுவாத கோப்பை

அந்த வீட்டில் டீ குடித்துவிட்டுப் போகிறவர்கள், வாசலைத் தாண்டிய பிறகு அந்த வீட்டைப் பற்றியும் வீட்டுக்காரர்களைப் பற்றியும் என்ன பேசினாலும், அவர்கள் குடித்து வைத்த கோப்பை அதை அவர்கள் குரலிலேயே திருப்பிச் சொல்லும். கோப்பையைக் கழுவும்வரைதான் இது. தண்ணீர் பட்டுவிட்டால் அது சாதாரணப் பீங்கான். சுவருக்குக் காது உண்டு என்று நம்புகிறவர்கள் கோப்பைக்கு வாய் உண்டு என்பதை நம்ப யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரிக்கே இந்த விஷயம் பல வருஷம் தெரியாமல் இருந்தது. விருந்தாளி கேட்டைச் சாத்துவதற்குள் கோப்பையைத் தேய்த்து, கழுவி, துடைத்து, கவிழ்த்துவிடுகிற கை அவளுடையது. அடுத்தவர் வாய் பட்ட பாத்திரம் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தாலும் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

தெருவில் அவளுக்குப் பூட்டக்கா என்று பேர். வெளியே கிளம்பினால் கதவைப் பூட்டுவாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள், நாலு எட்டு நடப்பாள், திரும்பி வந்து மறுபடி இழுப்பாள், தெருமுனைவரை போய்விட்டு அதற்கும் ஒருமுறை வருவாள். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா துணியில் மிச்சம் பிடிக்கிறாள், எதிர்வீட்டு ஜன்னல் காற்றுக்காகத் திறந்திருக்கவில்லை. இப்படி அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு சந்தேகம். அவள் சந்தேகப்பட்டதில் பாதி உண்மையாகவும் இருந்து தொலைத்ததுதான் வினை. இல்லாவிட்டால் ஒருவேளை திருந்தியிருப்பாள்.

கோப்பைகள் அவள் அம்மாவுடையவை. பன்னிரண்டு கோப்பைகள், வெள்ளை நிறம், விளிம்பில் நீலக் கோடு. அம்மா போன பிறகு அக்காவுக்கு ஆறு, தங்கைக்கு ஆறு என்று பிரித்துக்கொண்டார்கள். டீ ஜாடி அக்காவுக்கு, பால் ஜாடி தங்கைக்கு. சர்க்கரைக் கிண்ணத்தில்தான் தகராறு. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் கிண்ணம் அக்கா கையிலும் மூடி தங்கை கையிலும் நின்றுவிட்டது. விட்டுக்கொடுக்கிற குணம் இரண்டு பேருக்குமே அம்மா வைத்துவிட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து அக்கா கிண்ணத்தைச் சாசரால் மூடினாள், தங்கை அந்த மூடியால் உப்பு ஜாடியை மூடினாள். மற்றபடி இருவரும் பிரியமாகத்தான் இருந்தார்கள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்த தங்கை நாலு தெரு தள்ளித் தனியாகக் குடியிருந்தாள். அவள் எதையும் அவசரப்பட்டுச் செய்கிற ஆளில்லை. இரவு சாப்பிட்ட தட்டு விடிந்த பிறகும் தொட்டியில் கிடக்கும். அக்கா திட்டினால், "காலையில கழுவிக்கலாம்க்கா, எங்க ஓடிடப் போகுது" என்பாள்.

நாற்பது தாண்டிய பிறகு அந்தத் தங்கை ஒரு பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். புது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு டீ கொடுத்தாள். அக்கா போனாள், குடித்தாள், தங்கையின் கன்னத்தைக் கிள்ளி நல்லா இருங்க என்று வாயாரச் சொன்னாள், வீட்டுக்கு வந்தாள். வந்ததும் உடை மாற்றிக்கொண்டே புருஷனிடம் ஏதோ நாலு வார்த்தை சொன்னாள். எல்லா அக்காக்களும் சொல்கிறதுதான். அத்தோடு சரி, தங்கை அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டினாள். சண்டையில்லை, சாபமில்லை, காரணமும் இல்லை.

காரணமில்லாமல் ஒரு காரியம் நடக்கும் என்பதைப் பூட்டக்கா எப்போது ஒப்புக்கொண்டாள்? யாரோ தங்கையிடம் வத்தி வைத்துவிட்டார்கள். அந்த நாலு வார்த்தையைக் கேட்டது ஒரே ஒரு ஆள்தான், அவள் புருஷன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அந்த மனுஷர் வாடிக்கையாளரிடமே எண்ணி எண்ணிப் பேசுகிறவர். "நான் சொல்லலை" என்றார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். அவர் அமைதியாக இருந்தால், பாரு, குற்றமுள்ள நெஞ்சு என்பாள். வாய் திறந்து மறுத்தால், எதுக்கு இவ்வளவு துடிக்கிறார் என்பாள். ஏழெட்டு வருஷம் அவருக்கு முதுகைக் காட்டியே படுத்தாள். நடுவில் தையல்காரம்மா மேலும் சந்தேகம் போயிற்று, ஏனென்றால் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். எதிர்வீட்டுப் பாட்டு டீச்சர் மேலும் போயிற்று, ஏனென்றால் அவள் யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள். தங்கை இல்லாத அந்த வீட்டில் பூட்டக்காவுக்கு மனசுவிட்டுத் திட்ட ஆளில்லாமல் போனது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் தையல்காரம்மா திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்து, டீ குடித்துவிட்டுப் போனாள். பூட்டக்கா குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. எங்கேயோ குழாய் உடைந்து தெரு முழுக்கத் தண்ணீர் இல்லை. அவள் கை பிசைந்துகொண்டு நிற்கும்போது கோப்பை பேசியது. "ஜன்னலை மூணு தடவ அளக்கச் சொல்றா. அங்குலத்தை நான் மடியில கட்டிக்கிட்டா போகப் போறேன்? நல்ல பொம்பளைதான், ஆனா வாய்ல போட்ட சர்க்கரையையும் துப்பிப் பாத்துட்டுத்தான் முழுங்குவா." சாட்சாத் தையல்காரம்மாவின் குரல், மூக்கை உறிஞ்சுவது உட்பட. பூட்டக்கா பயப்படவில்லை. நான்தான் அப்பவே சொன்னேனே என்கிற நிம்மதிதான் முதலில் வந்தது. மறுநாள் மூன்றாம் வீட்டு ரிட்டயர்டு சாரை வலியக் கூப்பிட்டு டீ கொடுத்து, கோப்பையைக் கழுவாமல் காத்திருந்தாள். டீ கொஞ்சம் துவர்ப்பு என்று கோப்பை சொன்னது. ஆக, இது ஒருநாள் கூத்தில்லை.

அன்றே அவள் விருந்துக்குத் திட்டம் போட ஆரம்பித்தாள். வீட்டில் ஒரு மாலை டீ விருந்து. சந்தேகப்பட்ட அத்தனை பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பது, தங்கையையும் வரவழைப்பது, பேச்சுவாக்கில் பழைய விஷயத்தை எடுத்துப் போடுவது. வீட்டுக்குப் போகிற வழியில் வத்தி வைத்த வாய் தானாக உளறும். நுணலும் தன் வாயால் கெடும் என்று அவள் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். தங்கை வருவாளா என்பதுதான் கவலை. கூப்பிட்டுவிட்டு வரச் சொல்லிப் புருஷனை அனுப்பினாள். அவர் போய்வந்து, "வர்றாளாம்" என்றார். வேறென்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள், முகம் எப்படி இருந்தது என்று குடைந்தாள். "வர்றேன்னு சொல்லுங்க மாமான்னா. அவ்வளவுதான். அவருக்கு டியூட்டியாம், இவ மட்டும் வர்றா." டிரைவர் ஏன் வரவில்லை என்பது உடனே ஒரு புதுச் சந்தேகமாகச் சேர்ந்துகொண்டது.

விருந்துக்கு முந்தின நாட்களில் அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கடைக் கேக்கில் என்ன எழவைப் போடுகிறார்களோ என்று தானே கேக் செய்தாள். முட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு மூழ்குகிறதா என்று பார்த்தாள், மூழ்கின முட்டையையும் உடைத்து மோந்து பார்த்தாள். வெள்ளரிக்காய் வைத்த ரொட்டித் துண்டுகளின் ஓரத்தை வெட்டி எறிந்தாள். பாட்டு டீச்சர் வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி வாங்கிவந்து, திருப்பிக் கொடுக்கும்போது தகராறு வரக்கூடாதென்று அடியில் ஏற்கெனவே இருந்த கீறல்களை டீச்சரையே கூப்பிட்டுக் காட்டினாள். யாரும் யாரோடும் கிசுகிசுக்க முடியாதபடி இடம் ஒதுக்கினாள். தையல்காரம்மா பக்கத்தில் காது மந்தமான ரிட்டயர்டு சார், டீச்சர் பக்கத்தில் தன் புருஷன், தனக்கு நேரெதிரே தங்கை. கோப்பைகள் குழம்பிவிடக்கூடாதே என்று கைப்பிடி ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூலைக் கட்டினாள். தையல்காரம்மாவுக்கு மஞ்சள், சாருக்குப் பழுப்பு, டீச்சருக்குப் பச்சை, புருஷனுக்குக் கறுப்பு, தங்கைக்குச் சிவப்பு. அவளுக்கு எப்போதும்போல அவளுடைய பெரிய கண்ணாடிக் குவளை.

எல்லோரும் வந்தார்கள். தங்கை கடைசியாக வந்தாள். கொஞ்சம் நரைத்திருந்தாள், நன்றாகச் சதை போட்டிருந்தாள், அது அவளுக்கு அழகாகவும் இருந்தது. அக்காவுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதற்குள் இவள் ஏன் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டாள் என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது. "வாடி" என்றாள். "வந்துட்டேன்" என்றாள் தங்கை. அவள் கண் முதலில் போனது சாசரால் மூடிய சர்க்கரைக் கிண்ணத்துக்கு. அப்புறம் கைப்பிடியில் கட்டியிருந்த சிவப்பு நூலுக்கு. அந்த நூலை ஒரு விரலால் மெல்லத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

டீ ஊற்றியாயிற்று. கேக் போயிற்று, ரொட்டி போயிற்று, பிஸ்கட்டும் போயிற்று. ரிட்டயர்டு சார் தன் முழங்காலைப் பற்றி விளக்கமாகச் சொன்னார். சமயம் பார்த்துப் பூட்டக்கா தூண்டிலைப் போட்டாள். "எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மனஸ்தாபம் இருந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். யாரோ ஒரு புண்ணியவான் நல்லா மூட்டி விட்டுட்டாங்க. யாருன்னு கண்டுபிடிக்காம நான் விடப்போறதில்ல."

தையல்காரம்மா ரொட்டியை விழுங்கினாள். பாட்டு டீச்சர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று நிறுத்தினாள். புருஷன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். சாருக்கு எது காதில் விழுந்ததோ, "ஆமாமா, நல்லா உப்பி வந்திருக்கு" என்று கேக்கைத் தட்டிக் காட்டினார். தங்கை மட்டும் நிதானமாகக் கடைசி மடக்கைக் குடித்தாள், எழுந்தாள், கோப்பைகளைப் பார்த்துக் கேட்டாள். "கழுவித் தரட்டுமாக்கா?"

"வேணாம் வேணாம், வெச்சிடு. காலையில கழுவிக்கலாம். எங்க ஓடிடப் போகுது."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று பூட்டக்காவுக்கு உறைத்தது. தங்கை அவளையே வெகு நேரம் பார்த்தாள். ஏதோ ஒன்றைக் கூட்டிக் கழித்து விடை கண்டுபிடித்த முகம். சரிக்கா என்று சொல்லிக் கோப்பையை வைத்துவிட்டுக் கிளம்பினாள். "பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்று பூட்டக்கா புருஷனையும் பின்னாலேயே அனுப்பினாள். இரண்டு திருடர்களும் சேர்ந்து நடந்தால்தானே பேச்சு வரும்.

வீடு காலியானதும் கதவைத் தாழிட்டு, ஐந்து கோப்பைகளையும் மேஜையில் வரிசையாக வைத்து எதிரில் உட்கார்ந்தாள். மஞ்சள் நூல் முதலில் ஆரம்பித்தது. பிஸ்கட் நமத்திருந்ததாம், கேக்கில் முட்டை வாடையாம், அந்தத் தங்கச்சி ஏன் இத்தனை வருஷம் வராமல் இருந்தாள் என்று மண்டை வெடிக்கிறதாம். பச்சை நூல் டீச்சரின் குரலில், நம்மளைத்தான் சந்தேகப்படுறாங்களோ, நாற்காலியை முதல்ல திருப்பி வாங்கணும் என்றது. பழுப்பு நூல் வெகுநேரம் இருமிவிட்டு, "நம்மளையும் மதிச்சு ஒரு வீட்டுல கூப்பிட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. மூவரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பூட்டக்காவுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. கறுப்பு நூலும் சிவப்பு நூலும் வாயே திறக்கவில்லை. பேசாதவர்களைத்தான் நம்பக்கூடாது. அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள்.

கறுப்பு நூல் தொண்டையைச் செருமியது. "ஒண்ணு கேக்கணும்மா. நான் உங்கிட்ட எப்பவாச்சும் ஏதாவது சொல்லியிருக்கேனா? இல்லைன்னு ஒரு தடவை உங்க அக்காகிட்ட சொல்லிடேன். வயசாகுது. இப்படியே செத்துப் போயிடுவேனோன்னு இருக்கு."

சிவப்பு நூல் பதில் சொன்னது. மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு கோப்பைகளும், தெருவில் நடந்துகொண்டிருந்த இருவரையும்போலப் பேசிக்கொண்டன.

"நீங்க ஒண்ணுமே சொல்லல மாமா. எனக்குச் சொன்னது அக்காவேதான்."

"உங்க அக்காவா? அவ எப்போ உன் வீட்டுக்கு வந்து சொன்னா?"

"வரலை. இருங்க, அவகிட்டயே சொல்லிடறேன்." சிவப்பு நூலின் குரல் சற்று உயர்ந்தது. "அக்கா, கேக்குதா? நீ கழுவாம வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். உங்கிட்ட இருக்கிற ஆறும் என்கிட்ட இருக்கிற ஆறும் ஒரே செட்டுதானே. நீ ஓடி ஓடிக் கழுவுற ஆளு, உனக்குத் தெரியல. எனக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியும். அன்னைக்கு நீ டீ குடிச்சிட்டுப் போனப்புறம் உன் கோப்பை தொட்டியிலதான் கிடந்துச்சு. அது என்ன சொல்லுச்சு தெரியுமா? 'டீயா அது, வெந்நீர். இவளுக்கு வேற ஆள் கிடைக்கல, அந்த ஆளுக்கு வேற வீடு கிடைக்கல. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிச்சு. எத்தனை நாளைக்குன்னு பாக்கலாம்.' அவரும் என் பக்கத்துலதான்க்கா நின்னுக்கிட்டிருந்தாரு. கையில, நீ சாப்பிடாமப் போயிட்டியேன்னு அப்பதான் உனக்குன்னு எடுத்து வெச்ச கேக்கு."

அதற்குப் பிறகு பஸ் வந்துவிட்டது போலிருக்கிறது. கோப்பைகள் ஓய்ந்தன.

ஊரெல்லாம் தேடின திருடன் தன் வாய்க்குள்ளேயே குடியிருந்திருக்கிறான். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாக வந்தது, இவ்வளவு வருஷமாக ஒரு பாவப்பட்ட மனுஷரைப் படுத்திய பாடு நினைவுக்கு வந்து தலையிலேயே அடித்துக்கொண்டாள். புருஷன் வந்து கதவைத் தட்டியபோது, யாரு என்று கேட்காமலே திறந்தாள். அது அந்த வீட்டில் முதல் தடவை. "நீங்க சொல்லலைங்க" என்றாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அதைத்தானே இத்தனை வருஷமா சொல்றேன்" என்றார். அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் மிச்சமிருந்த ஒரு துண்டு கேக்கை எடுத்து அவளிடம் நீட்டினார்.

தங்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கோப்பை ஒருவழிப் பாதை. குடித்தவர் பேச்சு குடித்த வீட்டுக்குத்தான் போகும். மறுநாள் மதியம் பூட்டக்கா கிளம்பிப் பஸ் பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனாள். டிரைவர் கதவைத் திறந்தார், வாங்க என்றார், நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையைப் பார்த்ததும் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணி வந்த வார்த்தைகள் மறந்தே போயின. தங்கை டீ கொண்டுவந்தாள், அதே நீலக்கோட்டுக் கோப்பை. மூவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். "ஏன்டி, இத்தனை வருஷம் வரலை நீ?" என்று அக்கா கடைசியில் தாங்காமல் கேட்டாள். "நீ கூப்பிடவே இல்லையேக்கா" என்றாள் தங்கை. "இப்ப கூப்பிட்டே, வந்தேன்."

வீட்டுக்கு வந்த பூட்டக்கா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விருந்தன்றிலிருந்து கழுவாமல் வைத்திருந்த சிவப்பு நூல் கோப்பை அலமாரியில் இருந்தது. உடம்பு அரித்தது, பொறுத்துக்கொண்டாள். அப்போதும் பாழாய்ப்போன சந்தேகம் விடவில்லை. நான் குடித்த கோப்பையை இவள் இன்றைக்குப் பார்த்துக் கழுவித் தொலைத்திருந்தால்? அதெல்லாம் கழுவியிருக்க மாட்டாள், சோம்பேறி. வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்த அந்தச் சோம்பலை நம்பி அவள் வாயைத் திறந்தாள்.

"நான் சொன்னது தப்புடி. உன் டீயும் தப்பில்ல, அந்த மனுஷனும் தப்பில்ல. எனக்குப் பொறாமை. அம்மாவுக்கப்புறம் உனக்கு நான் ஒருத்திதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நீ பாட்டுக்கு ஒருத்தரைக் கட்டிக்கிட்டு அவர் பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நின்னே. எனக்குத் தாங்கல. அந்தக் கேக்கை நான் சாப்பிட்டிருக்கணும்டி. அவர்கிட்டயும் சொல்லிடு."

அலமாரி அமைதியாக இருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். கழுவிவிட்டாள், கழுவியேவிட்டாள் என்று பூட்டக்கா முடிவுகட்டின நேரத்தில் சிவப்பு நூல் மூக்கை உறிஞ்சியது.

"சொல்ல வேண்டாம்க்கா. இப்பவும் பக்கத்துலதான் நிக்கிறாரு. கேட்டுக்கிட்டுதான் இருக்காரு. சரி, நெசமாச் சொல்லு. இன்னைக்கு டீ எப்படி இருந்துச்சு?"

பூட்டக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "இன்னைக்கும் வெந்நீர்தாண்டி" என்றாள். கோப்பைக்குள்ளிருந்து தங்கை சிரித்த சிரிப்பில் கைப்பிடியில் கட்டியிருந்த நூல் ஆடியது.

அதற்குப் பிறகு வருஷங்கள் சாதாரணமாகப் போயின. இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு கோப்பை கழுவப்படாமலே இருந்தது. உள்ளே கறை பழுப்பாகி, கறுப்பாகி, பீங்கானின் நிறமே அதுதான் என்று ஆகிவிட்டது. எதைப் பற்றிய பேச்சைக் கடத்துவது, எதை விடுவது என்பதில் முன்னிருந்த கறாரைக் கோப்பைகள் நாளடைவில் தளர்த்திக்கொண்டன. மார்க்கெட்டில் காய் விலை, டிரைவரின் முதுகுவலி, கண்ணாடிக்காரருக்கே கண்ணாடி மாற்ற வேண்டி வந்தது என எல்லாமே போய்வந்தன. சர்க்கரைக் கிண்ணத்தின் மூடி ஒருநாள் அக்கா வீட்டுக்கு வந்தது. ஆறு மாதம் கழித்துக் கிண்ணமும் மூடியும் சேர்ந்து தங்கை வீட்டுக்குப் போயின, அப்புறம் திரும்பின. விஷயம் மெல்லத் தெருவுக்குத் தெரிந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தையல்காரம்மா மட்டும் அங்கே டீ குடித்த நாளில், கேட்டைத் தாண்டியதும் "டீ பிரமாதம், பிஸ்கட்டு மொறுமொறுன்னு இருந்துச்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு போவாள். மற்றதை வீட்டுக்குப் போய் ஜாடை காட்டிப் பேசிக்கொள்வாள். பூட்டக்கா வெளியே கிளம்பும்போது உள்ளே அலமாரியிலிருந்து "பூட்டிட்டியாக்கா?" என்று குரல் வரும். "பூட்டிட்டேண்டி" என்பாள். இப்போதெல்லாம் பூட்டை ஒரு தடவைதான் இழுத்துப் பார்க்கிறாள்.